யார் உண்மையான கத்தோலிக்கர்? ஓர் எளிய விளக்கம்

ஒருவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் நம் ஊரில் அடுத்து வரும் கேள்வி, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்பதுதான். "ஆர்.சி." என்றால் அதோடு விசாரணை முடிந்தது. ஆனால் அந்த ஆர்.சி.க்குள்ளேயே, "நீயெல்லாம் ஒரு கத்தோலிக்கனா?" என்ற சண்டை ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரிவதில்லை. உள்ளே இருப்பவர்களில் பலருக்கும் இதன் தலைகால் புரிவதில்லை.

2022 மே மாதம் அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோ பேராயர் சால்வதோர் கோர்திலியோனே, அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்த நான்சி பெலோசிக்குத் தன் உயர்மறைமாவட்டத்தில் நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கப்படும் அப்பம், பேச்சுவழக்கில் "நன்மை") கொடுக்கக் கூடாது என்று அறிவித்தார். கருக்கலைப்பு உரிமையை அவர் ஆதரித்ததுதான் காரணம். அடுத்த மாதமே, வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தில், திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் தலைமையில் நடந்த திருப்பலியில் (பூசையில்) பெலோசி நன்மை வாங்கினார். அப்படியானால் அவர் கத்தோலிக்கரா, இல்லையா? இணையத்தில் இரண்டு பக்கமும் அனல் பறந்தது. உண்மையில் கோர்திலியோனே எந்த இடத்திலும் "பெலோசி கத்தோலிக்கர் அல்ல" என்று சொல்லவே இல்லை. "என் மறைமாவட்டத்தில் நன்மை வாங்க வராதீர்கள்" என்று மட்டும்தான் சொன்னார். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

இந்த விஷயத்தில் வருகிற சண்டைகளில் பாதி, மூன்று கேள்விகளை ஒரே கேள்வியாக நினைத்துக்கொள்வதால் வருபவை. இவர் திருச்சபையின் உறுப்பினரா என்பது ஒன்று. இவர் இப்போது நன்மை வாங்கும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு. இவர் மோட்சத்துக்குப் போவாரா என்பது முற்றிலும் வேறு. முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லும். இரண்டாவதை அவரவர் மனசாட்சியும், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும், சில நேரம் மறைமாவட்டத் தலைவரான ஆயரும் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கடவுளிடம் மட்டுமே இருக்கிறது என்பதுதான் கத்தோலிக்கப் போதனை. சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் மூன்றாவதற்குத் தாங்களே தீர்ப்பு எழுதி, அதை வைத்து முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

உள்ளே வரும் வாசல்

சட்டப்படி உள்ளே வர ஒரே ஒரு வாசல்தான்: திருமுழுக்கு, பழைய பேச்சில் ஞானஸ்நானம். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 96-வது சட்டம் இதைச் சொல்கிறது. தண்ணீர் வேண்டும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயர் சொல்ல வேண்டும், திருச்சபை எதைச் செய்ய நினைக்கிறதோ அதைச் செய்யும் எண்ணம் வேண்டும். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மருத்துவமனையில் சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஓர் இந்துச் செவிலியர் சரியான எண்ணத்தோடு கொடுத்தால்கூட அது செல்லும். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். அது ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது என்பதால், இரண்டாம் முறை கொடுக்கவும் முடியாது, ரத்து செய்யவும் முடியாது.

ஏட்டில் படிக்கும்போது சாதுவாகத் தெரியும் இந்த விதி எவ்வளவு முரட்டுத்தனமாக வேலை செய்யும் என்பதற்கு 1858-ல் பொலோஞாவில் நடந்தது சாட்சி. அந்த நகரம் அப்போது திருத்தந்தையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மோர்த்தாரா என்ற யூதக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்த கத்தோலிக்கப் பெண், கைக்குழந்தையாக இருந்த எட்கார்டோ காய்ச்சலில் கிடந்தபோது, பிழைக்காது என்று பயந்து யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆண்டுகள் கழித்து விஷயம் திருச்சபையின் விசாரணை அதிகாரியின் காதுக்குப் போக, ஜூன் மாதத்து இரவு ஒன்றில் போலீசார் கதவைத் தட்டினார்கள். சட்டப்படி பையன் கத்தோலிக்கன். கத்தோலிக்கப் பிள்ளையை யூதப் பெற்றோர் வளர்க்கக் கூடாது. ஏழு வயது நிறையாத பையனைக் கொண்டுபோய்விட்டார்கள். ஐரோப்பாவே கண்டித்தும் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அசையவில்லை. எட்கார்டோ பிற்காலத்தில் குருவாகி 1940-ல் பெல்ஜியத்தில் இறந்தார். அந்தச் செயலுக்கு இன்று வக்காலத்து வாங்குபவர்கள் குறைவு. ஆனால் அடியில் இருந்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். பெற்றோரின் விருப்பமோ, குழந்தையின் நம்பிக்கையோ, வளர்ந்த சூழலோ உறுப்பினர் என்பதைத் தீர்மானிக்கவில்லை. சில துளித் தண்ணீர் தீர்மானித்தது.

இதே விதி எதிர்ப்பக்கமாகவும் வெட்டும். 2020-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தில் ஒரு குரு, தான் குழந்தையாக இருந்தபோது எடுத்த திருமுழுக்கு வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் திருத்தொண்டர், "நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக, "நாங்கள்" என்று சொல்லியிருந்தார். "நாங்கள்" என்று சொன்னால் திருமுழுக்கு செல்லாது என்று அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ரோம் அறிவித்திருந்தது. திருமுழுக்கு இல்லை என்றால், அதை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலும் இல்லை, குருப்பட்டமும் இல்லை. மூன்றாண்டு குருவாகப் பூசை வைத்தவர் சட்டப்படி கத்தோலிக்கரே இல்லை! அவசர அவசரமாகத் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருப்பட்டம் எல்லாம் புதிதாகக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை, அவர் அதுவரை கேட்ட பாவசங்கீர்த்தனங்களும் வைத்த பூசைகளும் செல்லாதவை ஆயின. வாயிலிருந்து வந்த ஒரு சொல்லில் இவ்வளவா என்று தோன்றும். ஆனால் வாசல் ஒன்றே ஒன்று என்று வைத்துவிட்டால், அந்த வாசல்படியை இஞ்ச் கணக்கில் அளக்கத்தான் வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இந்த விதி தலைகாட்டுவது கல்யாணத்தில்தான். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து முறைப்படி திருமுழுக்குப் பெற்றவர் கத்தோலிக்கராக வந்தால் அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அந்தத் திருமுழுக்கையும் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. "அப்படியானால் சி.எஸ்.ஐ.காரர் ஏற்கெனவே பாதி கத்தோலிக்கரா?" என்று யாராவது கேட்டால் சிரிக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் பெரிய இறையியல் சண்டையே அதுதான். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

சான்றிதழ் வாங்கியவர்கள்

முதல் பெரிய சண்டை கி.பி. 250-ல் தொடங்கியது. ரோமப் பேரரசர் டேசியுஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்து மண்ணில் பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு: நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானப் பலி ஊற்றினேன், படையலை உண்டேன், இதற்குக் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே அதிகாரிகளின் ஒப்பம். தாலுகா ஆபீஸ் மனுவைப் போலவே இருக்கும்.

கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் செத்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். மிகப் பலர் பயந்து பலியிட்டார்கள். வசதியுள்ள சிலர் பலியிடாமலேயே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு கெடுபிடி தணிந்ததும் இவர்களெல்லாம் திரும்பி வந்து கோயில் வாசலில் நின்றார்கள். என்ன செய்வது?

ரோமில் நொவாசியான் என்ற குரு, சேர்க்கவே முடியாது என்றார். மறுதலித்தவரைத் திருச்சபை மன்னிக்க முடியாது, கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். புதிய திருத்தந்தை கொர்னேலியுஸ், தவம் செய்தபின் சேர்க்கலாம் என்றார். நொவாசியான் தன்னையே எதிர்-ஆயராக்கிக்கொண்டு 251-ல் பிரிந்துபோனார். அவர் போதனையில் எந்தத் தப்பறையும் (திருச்சபை தவறென்று தள்ளும் கருத்து) இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூவொரு கடவுளைப் பற்றி அருமையாக எழுதியவர் அவர். அவருடைய சபை நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. சண்டை முழுக்க ஆட்களைப் பற்றித்தான்.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான் கொர்னேலியுஸ் பக்கம் நின்றார். "திருச்சபையைத் தாயாகக் கொள்ளாதவர் கடவுளைத் தந்தையாகக் கொள்ள முடியாது" என்ற வாசகம் அவருடையது. "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்ற புகழ்பெற்ற கருத்தும் அவர் கடிதத்திலிருந்து வந்ததுதான். அவர் அதை எழுதும்போது மனதில் இருந்தவர்கள் இந்துக்களோ பௌத்தர்களோ அல்லர். பிரிந்துபோன சக கிறிஸ்தவர்கள். இதை மறந்துவிட்டு அந்த வாசகத்தை மேற்கோள் காட்டுபவர்கள்தான் அதிகம்.

அப்புறம் சிப்ரியானே ரோமோடு மோதினார். நொவாசியானிடம் திருமுழுக்குப் பெற்றவர் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் சிப்ரியான். வெளியே இருப்பவனிடம் இல்லாத தூய ஆவியை அவன் எப்படிக் கொடுப்பான் என்பது அவர் வாதம். தேவையில்லை, கை வைத்துச் செபித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் திருத்தந்தை ஸ்தேவான். தர்க்கப்படி சிப்ரியான் சொன்னதுதான் பலமாகத் தெரிகிறது. ஆனால் வென்றது ஸ்தேவானின் பக்கம். கத்தோலிக்கத் திருச்சபை இன்று சி.எஸ்.ஐ. திருமுழுக்கை ஏற்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

ஐம்பது ஆண்டு கழித்து அதே ஆப்பிரிக்காவில் இன்னும் பெரிய அளவில் இதே கதை. 303-ல் தியோக்ளேசியான் வேதநூல்களை ஒப்படைக்கச் சொன்னபோது கொடுத்துவிட்ட ஆயர்களைச் சிலர் துரோகிகள் என்றார்கள். அப்படி நூலைக் கொடுத்த ஒருவர் கை வைத்து அபிஷேகம் செய்தார் என்று சொல்லி, கார்த்தேஜின் புதிய ஆயர் செசீலியானை ஏற்க மறுத்தார்கள். இவர்களுக்குப் பின்னால் தொனாத்துஸ் தலைவரானதால் தொனாத்தியர் என்று பெயர். தூயவர்களின் திருச்சபை நாங்களே, உங்கள் கை பட்ட அருட்சாதனம் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்கு) எதுவும் செல்லாது என்றார்கள். நூறு ஆண்டு இது ஓடியது. ஓர் ஊரில் இரண்டு ஆயர், இரண்டு கோயில்.

411-ல் பேரரசரின் ஆணைப்படி கார்த்தேஜில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். உட்காரவைத்து என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 280 ஆயர்கள். நடுவராக வந்த மார்செல்லீனுஸ் அமரச் சொன்னபோது தொனாத்திய ஆயர்கள் மறுத்துவிட்டார்கள்; பொல்லாரோடு அமரமாட்டேன் என்று திருப்பாடல் சொல்கிறதாம். நடுவரும் மரியாதைக்கு நின்றுகொண்டே நடத்தினார்.

கத்தோலிக்கத் தரப்பில் வாதாடியவர் ஹிப்போ ஆயர் அகுஸ்தீன். அவருடைய பதில்தான் இன்றுவரை அடித்தளம். வயலில் கோதுமையும் களையும் சேர்ந்தே வளரும், அறுவடைவரை பிடுங்காதே என்று மத்தேயு 13-ல் இயேசு சொன்ன உவமையை எடுத்தார். திருச்சபையில் நல்லவரும் கெட்டவரும் கலந்தே இருப்பார்கள். வெளியே எத்தனையோ ஆடுகள், உள்ளே எத்தனையோ ஓநாய்கள். படையை விட்டு ஓடிய வீரனின் உடலில் குத்திய அடையாளம் போய்விடுமா என்று கேட்டார்; திருமுழுக்கின் முத்திரையும் அப்படித்தான். அருட்சாதனம் கிறிஸ்துவுடையது, கொடுக்கும் குருவுடையது அல்ல. ஆகவே குரு கெட்டவராக இருந்தாலும் அது செல்லும்.

இதே அகுஸ்தீன்தான், தொனாத்தியர்களை அரசாங்கத்தின் கையால் வற்புறுத்திச் சேர்ப்பது சரி என்றும் ஒப்புக்கொண்டவர். களையைப் பிடுங்காதே என்றவர், வேலிக்கு வெளியே இருந்த பயிரை இழுத்து வந்து நடலாம் என்றார். பிற்கால ஐரோப்பா முதல் பாடத்தைவிட இரண்டாவதை நன்றாகவே கற்றுக்கொண்டது.

பார்த்தால் தெரியும் திருச்சபை

நடுவில் ஓர் ஆயிரம் ஆண்டை வேகமாகக் கடந்துவிடலாம். பொகேமியாவின் (இன்றைய செக் நாடு) யான் ஹுஸ் என்ற குரு, கடவுள் முன்குறித்தவர்களின் கூட்டமே உண்மையான திருச்சபை என்று போதித்தார். அந்தக் கூட்டத்தில் திருத்தந்தையே இல்லாமல் போகலாம் அல்லவா? 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அவரைத் தீயில் இட்டது. நூறு ஆண்டு கழித்துப் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதிகளும் கண்ணுக்குத் தெரியாத திருச்சபையைப் பற்றிப் பேசினார்கள்.

அதற்குப் பதிலாகக் கர்தினால் ராபர்ட் பெல்லார்மின் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வரையறை கொடுத்தார். ஒரே விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். ஒரே அருட்சாதனங்களில் பங்குபெற வேண்டும். முறையான மேய்ப்பர்களுக்கு, சிறப்பாகத் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிய வேண்டும். இந்த மூன்று கட்டு இருந்தால் உறுப்பினர். மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பிரெஞ்சு அரசைப் போல, வெனிஸ் குடியரசைப் போல, திருச்சபையும் கண்ணால் பார்க்கக்கூடிய கூட்டம் என்றார். மனதில் ரகசியமாகத் தப்பறையை வைத்திருப்பவன்கூட வெளியே காட்டாதவரை உறுப்பினர்தான் என்பது அவர் கருத்து. 1943-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தன் சுற்றுமடலில் ஏறக்குறைய இதையே உறுதிசெய்தார்.

வறட்டு விளக்கம்தான். ஆனால் அடுத்தவன் இதயத்தைத் திறந்து பார்க்கிறேன் என்று கிளம்புபவர்களுக்கு இதைவிட நல்ல கடிவாளம் கிடையாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெளியே தள்ளப்பட்ட காவலர்

1940-களில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், இயேசு சபைக் குரு லெனார்டு ஃபீனி மாணவர்களுக்கு மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தார். நல்ல பேச்சாளர், எழுத்தாளர். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பதற்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம் எடுத்துக்கொண்டார். தண்ணீரால் திருமுழுக்குப் பெற்று, திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கராகச் சாகாத எவருக்கும் மோட்சம் இல்லை. அவர் ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. 1442-ல் ஃபுளோரன்ஸ் சங்கம் வெளியிட்ட ஆணை, யூதரும் பிரிந்தவர்களும் மரணத்துக்கு முன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புக்குப் போவார்கள் என்று அப்பட்டமாகவே சொல்லியிருந்தது.

1949 ஆகஸ்ட் 8 அன்று வத்திக்கானிலிருந்து பாஸ்டன் பேராயர் ரிச்சர்டு குஷிங்குக்குக் கடிதம் வந்தது. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பது உண்மைதான், ஆனால் மீட்படைய உறுப்பினராகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஏக்கத்தால் இணைந்திருந்தாலும் போதும் என்றது கடிதம். ஒருவர் அறியாமையில் இருந்தால், கடவுளின் விருப்பத்தை நிறைவேற்ற ஆசைப்படும் மனதுக்குள்ளேயே அந்த ஏக்கம் அடங்கியிருக்கலாம். ஃபீனி ஏற்கவில்லை. ரோமுக்கு வரச் சொன்னபோது போகவும் இல்லை. 1953 பிப்ரவரியில் அவரைச் சபை நீக்கம் செய்தார்கள். சொன்ன காரணம் கீழ்ப்படியாமை. திருச்சபைக்கு வெளியே யாருக்கும் மீட்பில்லை என்று கதவருகே காவல் நின்றவரைத் திருச்சபையே வெளியே நிறுத்தியது. 1972-ல் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கருத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்கவில்லை.

அந்தக் கடிதம் போட்ட பாதையில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது. 1964 நவம்பர் 21 அன்று வெளியான திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, உள்ளே, வெளியே என்று ஒரே கோடாகப் போடாமல் படிப்படியாகப் பேசியது. பெல்லார்மினின் மூன்று கட்டுகளோடு கிறிஸ்துவின் ஆவியும் உள்ளவர்கள் முழுமையாக இணைந்தவர்கள். திருமுழுக்குப் பெற்ற பிற கிறிஸ்தவர்கள் பல வகையில் இணைக்கப்பட்டவர்கள். யூதர், முஸ்லிம்கள், கடவுளைத் தேடும் மற்றவர்கள் பல வகையில் தொடர்புடையவர்கள். அன்பில் நிலைத்திராத கத்தோலிக்கர், உள்ளத்தால் அல்ல, உடலால் மட்டுமே திருச்சபையில் இருப்பவர், அவர் மீட்படைவதில்லை. கடைசி வரி பாதிரியார் வாயில் அடிக்கடி வருவதில்லை, வந்தால் நல்லது.

முன்பு கிறிஸ்துவின் திருச்சபை என்பது கத்தோலிக்கத் திருச்சபையே என்று சொல்லிவந்த இடத்தில், கத்தோலிக்கத் திருச்சபையில் அது நிலைபெற்றுள்ளது என்று சங்கம் எழுதியது. இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று இறையியலாளர்கள் அறுபது ஆண்டாக வாதாடுகிறார்கள். சட்டத்தொகுப்பு எழுதியவர்கள் தெளிவாக ஒன்று செய்தார்கள். சங்கம் சொன்ன மூன்று கட்டையும் 205-வது சட்டத்தில் எடுத்துக்கொண்டு, கிறிஸ்துவின் ஆவி உள்ளவர்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆவி இருக்கிறதா இல்லையா என்று எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

வெளியே போகும் வாசல்

சபை நீக்கம் என்றதும் பெயர் வெட்டப்பட்டுவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சபை நீக்கம் பெற்றவர் அருட்சாதனங்களைப் பெற முடியாது, பொறுப்பு வகிக்க முடியாது. ஆனால் திருமுழுக்கு அழியாததால் அவர்மீது திருச்சபைச் சட்டத்தின் பிடி போவதில்லை. கடமைகள் உண்டு, உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. மனம் திரும்ப வைக்கும் மருந்தாகத்தான் சட்டம் இந்தத் தண்டனையைப் பார்க்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் பேராயர் மார்செல் லெஃபெவ்ர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்களை எதிர்த்து 1970-ல் புனித பத்தாம் பயஸ் சபையைத் தொடங்கினார். நம் பாளையங்கோட்டையிலும் அவர்களுக்கு மடம் உண்டு. 1988 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் எகோனில், திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தார். இரண்டே நாளில் இரண்டாம் ஜான் பால் அதைப் பிளவுச் செயல் என்று அறிவித்தார். சபை நீக்கமும் உறுதியானது. 2009 ஜனவரியில் பதினாறாம் பெனடிக்ட் அந்த நால்வர்மீது இருந்த சபை நீக்கத்தை எடுத்துவிட்டார். ஆனால் சபைக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கவில்லை. 2015-ல் பிரான்சிஸ், இவர்களுடைய குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்றார். ஆக இவர்கள் உள்ளேயா, வெளியேயா? ரோம் பல ஆண்டு இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தைப் பதிலைத் தவிர்த்தே வந்திருக்கிறது.

இவர்களைவிட ஒரு படி மேலே போனவர்கள், 1958-ல் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததிலிருந்து பேதுருவின் ஆசனமே காலி என்கிறார்கள். தப்பறை போதிப்பவர் திருத்தந்தையாக இருக்க முடியாது என்பதற்கு அதே பெல்லார்மினை மேற்கோள் காட்டுகிறார்கள். ஸ்பெயினில் பால்மார் தே திரோயா என்ற ஊரில் ஒருவர் 1978-ல் தன்னையே திருத்தந்தையாக அறிவித்துக்கொண்டார். 2021 ஜூலையில் பழைய இலத்தீன் பூசையைப் பிரான்சிஸ் கட்டுப்படுத்தியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தப் பூசையைப் பிடித்துக்கொண்டு சிலர், சங்கம் உண்மையான திருச்சபைக்குத் துரோகம் செய்துவிட்டது என்று பேசுகிறார்கள் என்பது. நொவாசியான் காலத்துச் சொற்களே திரும்ப வருகின்றன.

ஜெர்மனிக்கு வருவோம், அங்கே விஷயம் பணத்தில் முடிகிறது. பதிவுபெற்ற கத்தோலிக்கரிடம் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைத் திருச்சபை வரியாக அரசே பிடித்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறது. வரி கட்ட விரும்பாதவர் அரசு அலுவலகத்தில் போய், திருச்சபையிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். 2022-ல் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி எழுதிக்கொடுத்தார்கள்.

அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் ஒருவர் கத்தோலிக்கர் அல்லாமல் ஆகிவிடுவாரா? 2006-ல் வத்திக்கான், மனதில் உறுதியான முடிவும், திருச்சபை அதிகாரி முன் அறிவிப்பும் வேண்டும் என்றது. 2009-ல் பெனடிக்ட், முறைப்படி விலகுதல் என்ற பேச்சையே திருமணச் சட்டங்களிலிருந்து நீக்கினார். ஆனால் ஜெர்மன் ஆயர்கள் 2012 செப்டம்பரில் வெளியிட்ட ஆணை கறாராக இருந்தது. விலகியவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நன்மை வாங்க முடியாது, ஞானத்தாய் ஞானத்தந்தையாக இருக்க முடியாது, மனம் மாறாமல் இறந்தால் திருச்சபை அடக்கமும் மறுக்கப்படலாம். சபை நீக்கம் என்ற சொல்லை மட்டும் தவிர்த்தார்கள்.

ஒரு திருச்சபைச் சட்டப் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். வரி வாங்கும் அமைப்பிலிருந்து மட்டும் விலகுகிறேன், விசுவாசத்திலிருந்து அல்ல என்று வாதிட்டார். வழக்கு லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம்வரை போனது. அரசின் முன் அப்படிப் பாதியாக விலக முடியாது. திருச்சபை தனக்குள் அவரை எப்படி நடத்துகிறது என்பது அதன் விஷயம் என்று நீதிமன்றம் சொன்னது. ஊரறியத் தப்பறை பேசுபவருக்கு நன்மை கிடைத்துவிடும், வரி கட்டாத பக்திமானுக்குக் கிடைக்காது என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. மூன்று கட்டோடு நான்காவதாக ஒரு வரி ரசீதையும் சேர்த்துக் கட்டியதுபோல்தான் இது தெரிகிறது.

சீனாவில் கேள்வி அரசியலாக வந்தது. 1957-ல் அரசின் ஆதரவோடு கத்தோலிக்கத் தேசபக்திச் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டிலிருந்து ரோமின் அனுமதி இல்லாமல் ஆயர்கள் நியமிக்கப்பட்டார்கள். மறுத்தவர்கள் சிறைக்கும் தலைமறைவுக்கும் போனார்கள். இரண்டு தலைமுறையாகத் தலைமறைவுத் திருச்சபையில் பலர், தேசபக்திச் சங்கத்துக் கோயிலில் நன்மை வாங்குவதையே துரோகமாகப் பார்த்தார்கள். 2007-ல் பெனடிக்ட் சீனக் கத்தோலிக்கர்களுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே இரண்டு திருச்சபை இல்லை என்ற நிலையில் நின்று, மன்னித்து ஒப்புரவாகும்படி கேட்டார். 2018 செப்டம்பரில் ஆயர் நியமனம் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அனுமதியின்றி அபிஷேகம் பெற்ற ஆயர்கள்மீது இருந்த தண்டனையையும் பிரான்சிஸ் நீக்கினார். சிறையில் காலம் கழித்தவர்கள் சார்பாக ஹாங்காங்கின் கர்தினால் ஜோசப் ஜென் கொதித்தார். மறுதலிக்காமல் சிறையிலிருந்து வந்தவர்களுக்குக் கார்த்தேஜில் அன்று இருந்த அதே வலி இது. அவர்களைப் பார்த்து, களையைப் பிடுங்காதே என்று சொல்வது சுலபமான வேலை அல்ல.

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது, ரோமோடு இணைந்திருந்தும் தனி வழிபாட்டு முறை உள்ள கேரளத்து சீரோ மலபார் திருச்சபையில். தக்கலையிலும் ஓசூரிலும் மறைமாவட்டம் உள்ள அதே திருச்சபை. குரு பூசையில் மக்களைப் பார்த்து நிற்பதா, பீடத்தைப் பார்த்தா என்பதில் பாதிக்குப் பாதி என்று 2021-ல் ஆயர் பேரவை முடிவெடுத்தது. எர்ணாகுளம்–அங்கமாலி குருக்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2024 ஜூனில், ஜூலை 3-க்குப் பிறகும் ஏற்காத குருக்கள் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே போனவர்களாகக் கருதப்படுவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. நாள் நெருங்கியதும், ஞாயிறுகளில் ஒரு பூசையாவது புதிய முறையில் வைத்தால் போதும் என்று சமரசமாயிற்று. எந்த விசுவாசப் பிரமாணத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கடைசிவரை தகராறு மூன்றாவது கட்டான கீழ்ப்படிதலில்தான்.

இனி வீட்டுக்கு வீடு இருக்கும் கேள்விகள். கல்யாணத்துக்குப் பிறகு கோயில் பக்கமே வராத மாமா கத்தோலிக்கரா? ஆம். வத்திக்கான் வெளியிடும் சுமார் 140 கோடி என்ற கணக்கு திருமுழுக்குப் பெற்றவர்களின் கணக்கு. அவரும் அதில் இருப்பார். விவாகரத்துப் பெற்றுப் பதிவுத் திருமணம் செய்த அக்கா? கத்தோலிக்கரே. நன்மை வாங்கலாமா என்பதுதான் கேள்வி. 2016-ல் பிரான்சிஸ் எழுதிய மடலுக்குப் பிறகு கர்தினால்களே அதில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் அங்கே முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்த தம்பி? கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வையில் அந்த இரண்டாவது முழுக்கு ஒன்றுமே இல்லை. முதலில் பெற்ற திருமுழுக்குப் பங்கு ரெஜிஸ்டரில் அப்படியேதான் இருக்கும். அவர் திரும்பி வர நினைத்தால் பங்குத்தந்தையைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சபை நீக்கம் ஏதும் இருந்தால் அதை நீக்க வேண்டும். மறுபடி திருமுழுக்கு மட்டும் கிடையாது.